செவ்வாய்க்கிழமைப் பை: வெள்ளவத்தையில் ஒரு மீள்சுழற்சிச் சேவையுடன் எட்டு மாதங்கள்

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் எங்கள் தொடர்மாடி இருக்கிறது. மொத்தம் 32 வீடுகள். எட்டு மாதங்களுக்கு முன்னர் வரையில் இந்த 32 வீடுகளின் குப்பையும் கீழ்த்தளத்து வாகனத் தரிப்பிடத்தின் மூலையில் வைத்த இரண்டு பீப்பாய்களுக்குள் ஒன்றாகவே விழுந்தது. மீன் செதிலும் பால்மாப் பைக்கற்றும் பத்திரிகையும் கண்ணாடிப் போத்தலும் அங்கே ஒரே சாற்றில் ஊறிக் கிடந்து, மாநகர சபை லொறி வரும்போது ஒன்றாகவே ஏறிப் போயின. மின்தூக்கிக்கு அருகே பச்சை, நீலம், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்து அச்சிட்ட அறிவித்தல் ஒன்று பல காலமாக ஒட்டப்பட்டிருந்தது. பச்சை சமையல் கழிவுக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு என்பதை எங்கள் மாடியில் ஒருவரும் மனப்பாடம் செய்திருக்கவில்லை. மனப்பாடம் செய்திருந்தாலும் அந்த நிறங்களில் தொட்டிகள் இருக்கவில்லை.

இந்த நிலையில்தான், வீட்டு வாசலுக்கே வந்து மீள்சுழற்சிப் பொருட்களை எடுத்துச் செல்லும் ஒரு தனியார் சேவையில் எங்கள் முகாமைக் குழு சேர்ந்தது. கைப்பேசிச் செயலி, கியூஆர் குறி ஒட்டிய பை, எடைக்கேற்ற புள்ளிகள், மாதமொரு அறிக்கை ஆகியன சேர்ந்ததே அந்தச் சேவை. குறைகளையும் எழுதப்போவதாலும், இன்னும் சில கட்டடங்களில் மட்டுமே நடைபெறும் சிறிய முயற்சி என்பதாலும் அதன் பெயரை இங்கே தவிர்த்துக்கொள்கிறேன். இதைப் போன்ற சேவையில் சேரலாமா என்று யோசிக்கும் தொடர்மாடிக்காரர்களுக்குப் பெயரைவிட அது இயங்கும் விதமே பயன்படும் என்பது என் எண்ணம்.

முறை எளிமையானது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒளி ஊடுருவும் தடித்த பை ஒன்றும், கதவின் வெளிப்பக்கத்தில் அதைத் தொங்கவிட ஒரு கொளுக்கியும் தருகிறார்கள். பையில் அந்த வீட்டுக்குரிய குறி ஒட்டப்பட்டிருக்கும். கழுவி உலர்த்திய பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம், அலுமினியம், கடதாசி ஆகியவற்றை அதற்குள் ஒன்றாகவே போடலாம். தரம் பிரிப்பது அவர்களுடைய வேலை. திங்கட்கிழமை மாலை ஏழரை மணிக்கு, 'நாளை செவ்வாய்' என்று கைப்பேசிக்கு ஒரு செய்தி வரும். மறுநாள் காலை எட்டுக்கும் பத்துக்கும் இடையில் ஓர் இளைஞர் தூக்குத் தராசுடன் மாடி மாடியாக வந்து, குறியைக் கைப்பேசியால் வாசித்து, பையை நிறுத்து, எடையைப் பதிந்து, படமும் எடுத்துக்கொண்டு, வெற்றுப் பையை மீண்டும் கொளுக்கியில் மாட்டிவிட்டுப் போவார். எடை உடனே செயலியில் தெரியும். கிலோவுக்கு இத்தனை புள்ளி என்று சேர்ந்து வருவதைச் சில கடைகளில் விலைக்கழிவாக மாற்றிக்கொள்ளலாம். கட்டணம் மாதத்துக்கு வீடொன்றுக்கு 300 ரூபா. அது பராமரிப்புக் கட்டணத்துடன் சேர்ந்து போய்விடுவதால் தனியாக உறைப்பதில்லை.

உறைக்காதபடி வைத்ததும் திட்டமிட்ட செயலே. இந்தச் சேவையின் முதற் கெட்டித்தனம் தொழில்நுட்பத்தில் இருக்கவில்லை, சேர்த்துக்கொண்ட விதத்தில் இருந்தது. 'விரும்புவோர் பெயர் தரவும்' என்று கேட்காமல், 32 வீடுகளையும் முதலிலேயே சேர்த்துவிட்டு, விருப்பமில்லாதவர்கள் இரண்டு வாரத்துக்குள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து விலகலாம் என்று அறிவித்தார்கள். கடிதம் எழுதியது ஒரே ஒரு வீடு. பெயர் தரும்படி கேட்டிருந்தால் ஐந்து வீடுகளாவது சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம். கூட்டங்களுக்கு வருவோரின் எண்ணிக்கையை வைத்தே சொல்கிறேன்.

நடத்தைப் பொருளியல் பேசுவோர் இதற்கு நட்ஜ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆடிவேல் விழாக் கூட்டத்தில் பின்னால் நிற்பவர் தோளை மெல்லத் தொட்டு, 'கொஞ்சம் முன்னுக்குப் போங்கோ' என்பது போன்ற உந்தல் அது. தள்ளுவதும் இல்லை, தடுப்பதும் இல்லை, தண்டம் அறவிடுவதும் இல்லை. தெரிவு நம் முன் வைக்கப்படும் ஒழுங்கை மட்டும் சற்று மாற்றிவிடுகிறார்கள். இந்தத் துறையில் செய்த பணிக்காகவே சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் தேலர் 2017ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். கொழும்பில் நாம் கண்கூடாகப் பார்த்த உதாரணமும் உண்டு. பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது, அதன் விலை பற்றுச்சீட்டில் தனியாகத் தெரிய வேண்டும் என்ற விதி 2025 நவம்பர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த பின்னர், சில ரூபாக்களை மிச்சம்பிடிப்பதற்காக வசதியானவர்கள்கூட வீட்டிலிருந்து துணிப்பையைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். அந்தச் சில ரூபா அவர்களுக்குப் பொருட்டல்ல. ஆனால் காசாளர் 'பை வேணுமா?' என்று கேட்கும் அந்த ஒரு கணம் முன்னர் இருக்கவில்லை.

இனி, பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். சேவையின் விளம்பரம் முழுவதும் செயலியைப் பற்றியே பேசுகிறது; உண்மையில் வேலை செய்வது பைதான். ஒளி ஊடுருவும் பை, கதவின் வெளிப்பக்கத்தில், எல்லோரும் நடக்கும் நடையோடையில் தொங்குகிறது. யார் வீட்டுப் பை நிரம்பியிருக்கிறது, யாருடையது சுருங்கித் தொங்குகிறது என்பது போகிற வருகிற எல்லோருக்கும் தெரியும். முதல் மாதத்தில் எங்கள் மாடியில் நான்கு பைகளில் இரண்டு மட்டுமே நிரம்பின. இரண்டாம் மாதத்தில் நான்கும் நிரம்பின. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மின்தூக்கிக்காக நிற்கும் அரை நிமிடத்தில் கண் தானாகவே கதவுகளை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான்.

அந்தக் கண்ணுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வீட்டுக்குள் என்ன சாப்பிடுகிறோம், என்ன மருந்து எடுக்கிறோம், என்ன குடிக்கிறோம் என்பதெல்லாம் நடையோடைக்கு வந்துவிடுகிறது. மேல்மாடியில் உள்ள மரியாதைக்குரிய ஒரு குடும்பத் தலைவர் தம் சாராயப் போத்தல்களை ஒவ்வொன்றாகப் பத்திரிகைத் தாளில் சுற்றி வைப்பதை எல்லோரும் அறிவர். ஏனெனில் சாராயப் போத்தலைத் தவிர வேறெதையும் யாரும் அப்படிச் சுற்றுவதில்லை. சிரிப்புக்குரிய விடயமாக இதைச் சொன்னாலும், நீரிழிவு ஊசி மருந்துப் பெட்டியையோ கர்ப்பப் பரிசோதனைப் பெட்டியையோ அந்தப் பையில் போட எவரும் தயங்குவார்கள் என்பது சிரிப்புக்குரியதல்ல. பையின் மேற்பாதியை மட்டும் ஒளி ஊடுருவாததாகச் செய்தால் போதும். நிரம்பியதா இல்லையா என்பது அப்போதும் தெரியும். இதை நான் எழுத்தில் அனுப்பி நான்கு மாதமாகிறது. 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்ற பதில் அன்றே வந்தது.

மாத அறிக்கைக்கு வருவோம். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில், நம் வீட்டின் எடை, நம் மாடியின் சராசரி, கட்டடத்தின் சராசரி ஆகிய மூன்று கோடுகளுடன் ஒரு படம் வரும். அயலவரோடு ஒப்பிட்டுக் காட்டினால் மனிதர் மாறுவர் என்பது ஆராய்ந்து பார்த்த விடயம். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், கலிபோர்னியாவின் லா வேர்ன் நகர வீடுகளில் வெறும் வேண்டுகோளோ விளக்கத் துண்டறிக்கையோ சாதிக்காததை, 'உங்கள் வீட்டில் இவ்வளவு' என்றோ 'உங்கள் அயலில் இவ்வளவு' என்றோ கதவில் தொங்கவிட்ட சிறு தகவல் சாதித்ததாக வெஸ்லி சுல்ட்ஸ் என்ற உளவியலாளர் காட்டியிருந்தார். ஆனால் அதே ஆய்வாளரும் சகாக்களும் 2007இல் மின்சாரப் பாவனையை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வில் ஒரு விபரீதம் வெளிப்பட்டது. சராசரியைவிட அதிகம் செலவழித்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே சிக்கனமாக இருந்தவர்களோ, 'நாம்தான் அளவுக்கு மிஞ்சிக் கஷ்டப்படுகிறோம் போலும்' என்று நினைத்துப் பாவனையைக் கூட்டிவிட்டார்கள். சிக்கனக்காரரின் தாளில் ஒரு சிரித்த முகம் வரைந்து அனுப்பியதும் அந்த ஏற்றம் நின்றது.

எங்கள் செயலியில் சிரித்த முகத்துக்குப் பஞ்சமில்லை. தவறு வேறிடத்தில் இருக்கிறது: எல்லாவற்றையும் எடையால் அளக்கிறார்கள். ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலின் எடை சில பத்துக் கிராம். சாராயப் போத்தல் போன்ற ஒரு கண்ணாடிப் போத்தலை ஈடுசெய்ய அப்படிப்பட்ட பிளாஸ்டிக் போத்தல்கள் ஏறத்தாழ ஒரு டசின் வேண்டும். ஆகவே எந்த வீட்டில் விருந்து நடந்ததோ அந்த வீடே அந்த மாதத்தின் 'பசுமை வீரர்' ஆகிறது. மூன்றாம் மாதத்தில் அந்தப் பட்டத்தைப் பெற்ற வீட்டில் அதற்கு முந்திய வாரம் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம் இரண்டு நாள் நடந்தது. யாருக்கும் தூக்கம் இல்லை, அவர்களுக்குப் பட்டம். இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரோ தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிப்பவர், துணிப்பையுடன் சந்தைக்குப் போகிறவர், பத்திரிகையைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வாசித்துத் திருப்பிக் கொடுப்பவர். அவருடைய பையில் போடுவதற்கு எதுவும் சேர்வதில்லை. அவருக்கு ஐந்து மாதம் தொடர்ந்து 'நீங்கள் மேம்படலாம்' என்ற செய்தி வந்தது. முகாமைக் குழுக் கூட்டத்தில் அவர் எழுந்து, 'நான் இன்னும் கொஞ்சம் சாமான் வாங்கி எறிய வேணும் எண்டு சொல்லுறீங்களோ?' என்று கேட்டபோது சேவையின் பிரதிநிதியிடம் பதில் இருக்கவில்லை.

அவர் கேட்டதுதான் கேள்வி. குப்பை குறைவாக உண்டாகும் வீட்டையும் குப்பையைப் பிரிக்காத வீட்டையும் தராசு வேறுபடுத்திக் காட்டாது. பிரித்த பொருள் எத்தனை கிலோ என்பதைவிட, பீப்பாய்க்குள் போன மீதிக் குப்பை எவ்வளவு குறைந்தது என்பதே பார்க்க வேண்டிய கணக்கு. அதை அளப்பது கடினம், ஆனால் செய்ய முடியாததல்ல. தென்கொரியாவில் பல தொடர்மாடிகளில் உணவுக் கழிவுத் தொட்டியே வீட்டின் அட்டையை வாசித்து, கொட்டியதை நிறுத்து, அதற்கேற்பக் கட்டணத்தை எழுதிக்கொள்கிறது. எங்கள் சேவையில் அலுமினியத்துக்கும் கண்ணாடிக்கும்கூட ஒரே புள்ளிதான். பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் எடுக்கச் செலவாகும் சக்தி, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு வேண்டியதில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே. ஒரு கிலோ அலுமினியச் சோடா டின்னையும் ஒரு கிலோ ஊறுகாய்ப் போத்தலையும் ஒரே தட்டில் வைக்கும் கணக்கு எவருக்கும் எதையும் கற்பிக்காது.

புள்ளிகளைப் பற்றி நீண்ட நேரம் பேச ஒன்றுமில்லை. எட்டு மாதத்தில் எங்கள் வீடு சேர்த்த புள்ளிகளின் பெறுமதி ஒரு சாதாரணக் குடும்பத்தின் ஒரு நாள் மரக்கறிச் செலவுக்குக் காணாது. குறைந்தபட்ச அளவு சேர்ந்த பிறகே மாற்றலாம், ஆறு மாதத்தில் காலாவதியாகும், குறிப்பிட்ட கிளைகளில் மட்டுமே செல்லும் என்ற நிபந்தனைகள் வேறு. என் மாமி ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: 'போத்தல் பேப்பர்காரன் காசு தந்தவன்.'

கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரலை விளக்க வேண்டியதில்லை. ஒழுங்கையின் தலைப்பில் தொடங்கி ஒவ்வொரு வாசலிலும் நின்று இழுத்துக் கூவும் அந்த மனிதர் தராசும் சாக்கும் கொண்டுவருவார். பத்திரிகையைக் கட்டி நிறுப்பார், போத்தலை எண்ணுவார், காசைக் கையில் வைத்துவிட்டுப் போவார். இன்று செயலி செய்வதாகச் சொல்லும் ஒவ்வொன்றும் அவரிடம் இருந்தது. கூவல் நினைவூட்டல், தராசு உடனடித் தகவல், காசு ஊக்குவிப்பு. அவரிடம் இல்லாதவை அழகிய கோட்டுப் படமும் 'பசுமை வீரர்' பட்டமும் மட்டுமே. வெற்றுக் கண்ணாடிப் போத்தலைக் கொடுத்தால்தான் முற்பணம் கட்டாமல் அடுத்த சோடாவை வாங்கலாம் என்றிருந்த காலமும் நம் வீடுகளில் இருந்தது. ஜேர்மனியில் 2003இலிருந்து ஒருமுறை பாவிக்கும் போத்தலுக்கு முற்பணம் அறவிட்டு, கடையிலுள்ள இயந்திரம் போத்தலைத் திரும்ப வாங்கிக்கொண்டு 25 யூரோ சதத்தை மீட்டுக் கொடுப்பதை நவீன முறை என்று எழுதுகிறார்கள். நம் மூலைக்கடை முதலாளி அதையே ஒரு கொப்பியில் எழுதிச் செய்தார்.

இருந்தும் ஒரு நியாயத்தைச் சொல்லவேண்டும். போத்தல் பேப்பர்காரர் விலைபோகும் பொருளை மட்டும் எடுப்பவர். யோகட் கோப்பை, ஷம்பூப் போத்தல், மூடி, உடைந்த பிளாஸ்டிக் வாளி ஆகியவற்றை அவர் தொடமாட்டார். இந்தச் சேவை அவற்றையும் எடுக்கிறது. எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் என்று எறியப்பட்டவற்றில் பாதிக்கும் மேல் அத்தகைய சில்லறைச் சாமான்களே என்பதை, அந்தப் பை வந்த பிறகுதான் நான் கண்டேன்.

எதை எடுக்கமாட்டார்கள் என்பதும் தெளிவாக இருக்கிறது. பால்மாப் பைக்கற், பிஸ்கட் உறை போன்றவை பிளாஸ்டிக்கும் உலோகப் படலமும் பல அடுக்காக ஒட்டியவை. பிரித்தெடுப்பது இலாபமில்லை என்பதால் வேண்டாம் என்கிறார்கள். சோற்றுப் பார்சல் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான லஞ்ச் சீட்டும், கறி ஒட்டியிருப்பதால், வேண்டாம். லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் 2017 செப்டெம்பர் முதலாம் திகதி தடைசெய்யப்பட்டவை ஆயிற்றே என்று வாசகர் கேட்கலாம். மதிய நேரத்தில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலாவது ஒரு பார்சல் வாங்கிப் பார்த்தபின் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

இப்போது மொழி. செயலி மும்மொழியிலும் இயங்கும் என்பதே எங்கள் குழு இதைத் தெரிவுசெய்ததற்கு ஒரு காரணம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அது எப்படியோ, தமிழில் அது ஒரு தனி அனுபவம். முதல் செவ்வாய்க்கிழமை பையைக் கொடுத்த சில நிமிடங்களில் மாமியின் கைப்பேசிக்கு வந்த செய்தி: 'வாழ்த்துகள்! நீங்கள் வெற்றிகரமாக மீள்சுழற்சி செய்யப்பட்டீர்கள்.' 78 வயதான மாமி அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, 'இந்த வயதில அதுவும் நல்லதுதான்' என்றார். அரச அலுவலகப் பலகைகளில் எழுத்துப் பிழைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஆனால் இங்கே அது வெறும் அழகுக் குறையாக நின்றுவிடவில்லை. 'கறைபடிந்தவற்றைத் தவிர்க்கவும்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வண்ணம் உள்ளவற்றைத் தவிர்க்கவும்' என்று இருந்தபடியால், எங்கள் கட்டடத்தின் பாதித் தமிழ் வீடுகள் முதல் இரண்டு மாதம் பச்சைப் போத்தலையும் நீல மூடியையும் பீப்பாயிலேயே போட்டன. ஒரு செய்தியின் ஒற்றைச் சொல்லால் மனிதரை நகர்த்தலாம் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட சேவை, அந்த ஒற்றைச் சொல்லை ஒரு தமிழரிடம் காட்டிச் சரிபார்க்காமல் அனுப்பியதை எப்படி விளங்கிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பின்னர் நான்காம் மாடி மாணவி ஒருவர் முழுச் செயலியையும் திருத்தி எழுதிக் கொடுத்தார். அவருக்கு 500 புள்ளிகள் வழங்கப்பட்டன. அவற்றுள் எதுவும் இன்னும் மாற்றப்படவில்லை.

திருத்தம் வருவதற்கு முன்னர் எங்களுக்கு உண்மையில் கற்பித்தவர் தராசுடன் வரும் இளைஞர். ஹற்றன் பக்கத்திலிருந்து வந்தவர். மூன்று மொழியிலும் பேசுவார். முதல் மாதத்தில் மாமி கழுவாமல் போட்ட யோகட் கோப்பைகளைப் பையிலிருந்து எடுத்து, முகம் சுளிக்காமல், 'அம்மா, இத கொஞ்சம் அலசிப் போட்டீங்கன்னா போதும், எறும்பு ஏறுனா மத்த கடதாசியும் வீணாப் போயிரும்' என்றார். அதன் பிறகு எங்கள் சமையலறைத் தொட்டியின் ஓரத்தில் கோப்பைகள் வரிசையாகக் கவிழ்ந்து உலர்கின்றன. மாமியிடம் ஏன் என்று கேட்டால் சுற்றாடலைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். 'அந்தத் தம்பி பாவம், கையால எல்லோ எடுக்கிறார்' என்பார். எந்தச் செயலியும் அனுப்ப முடியாத செய்தி அது. சேவையினர் செலவைக் குறைப்பதற்காக, கீழ்த்தளத்தில் தானியங்கித் தொட்டி ஒன்றை வைத்து அவருடைய மாடி ஏறலை நிறுத்த யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். அது நடந்தால் இந்த மதிப்புரையில் நான் எழுதிய நல்லவற்றில் பெரும்பகுதியைத் திருப்பி எடுத்துக்கொள்ள நேரும்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு வாரம் சேவையின் லொறி வரவில்லை. மழை என்றார்கள். அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை மாலை ஏழரைக்கு 'நாளை செவ்வாய்' என்ற செய்தி மட்டும் ஒரு நிமிடம் பிந்தாமல் மூன்று வாரமும் வந்தது. பைகள் வழிந்தன. நடையோடையில் கரப்பான் திரிந்தது. காவலாளி முறையிட்டார். மூன்றாவது வாரம் ஒரு வீட்டார் பொறுமையிழந்து முழுப் பையையும் கீழே கொண்டுபோய்ப் பீப்பாய்க்குள் கவிழ்த்தார்கள். அன்று மாலைக்குள் பதினொரு வீடுகள் அதையே செய்தன. அயலாரைப் பார்த்து நல்லதைச் செய்யும் அதே கண்தான் அயலாரைப் பார்த்து விட்டுவிடவும் செய்கிறது. நான்கு மாதம் கட்டிய பழக்கம் கலைய ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. லொறி மீண்டும் ஒழுங்காக வரத் தொடங்கியும் பைகள் பழைய அளவுக்கு நிரம்ப ஏழு வாரம் எடுத்தது. மன்னிப்புக் கேட்டு வந்த செய்தியில் ஒவ்வொரு வீட்டுக்கும் 20 புள்ளிகள் இனாமாகச் சேர்த்திருந்தார்கள். மூன்று வாரம் வரமாட்டோம் என்று முன்கூட்டியே ஒரு வரி அனுப்பியிருந்தால் அந்த இனாம் தேவைப்பட்டிராது.

இவ்வளவு கோபம் ஏன் என்றால், இந்த நகரத்தில் குப்பை பிரிப்பதற்கு எதிரான மிகப் பலமான வாதம் சோம்பல் அல்ல. 'எல்லாம் கடைசியில ஒரே லொறியிலதான் போகும்' என்ற நம்பிக்கைதான் அது, அதுவும் அனுபவத்தில் விளைந்த நம்பிக்கை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடி முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்த மலையில் வெள்ளவத்தையின் பங்கும் இருந்தது. நாங்கள் எறிந்த பலகாரப் பெட்டியும் போத்தலும் அங்கேதான் போயின. அதன் பிறகு புத்தளத்தின் அறுவைக்காட்டுக்குக் கொழும்புக் குப்பையை அனுப்பும் திட்டமும், கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையமும் வந்தன. நிலையம் 2021இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் நம் குப்பையில் எடையால் பாதிக்கும் மேல் சமையல் கழிவு. நீர் ஊறிய குப்பை நன்றாக எரியாது, எரித்தாலும் வெப்பத்தில் ஒரு பங்கு அந்த நீரை ஆவியாக்கவே போய்விடும்.

இங்கேதான் இந்தச் சேவையின் மிகப் பெரிய போதாமை இருக்கிறது. எடையில் பாதிக்கும் மேலான சமையல் கழிவை இவர்கள் தொடுவதே இல்லை. எங்கள் பீப்பாய்களில் போத்தல் குறைந்திருக்கிறது, மணம் குறையவில்லை. தொடர்மாடியின் மொட்டைமாடியில் பசளைத் தொட்டி வைப்பது பற்றி அவர்களிடம் கேட்டபோது, அது தங்கள் சேவைக்குள் அடங்காது என்றார்கள். நேர்மையான பதில்தான்; என்றாலும் 'குப்பையில்லா வீடு' என்று விளம்பரத்தில் போடுவதை அவர்கள் நிறுத்தவேண்டும்.

பொருள் எங்கே போகிறது என்பதைக் காட்டுவதில் மட்டும் இவர்களுக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். ஒவ்வொரு மாதமும் எங்கள் கட்டடத்துப் பொருட்கள் தரம் பிரிக்கப்படும் இடத்தின் படங்களை அனுப்புகிறார்கள். இரண்டு முறை குடியிருப்பாளர்களை நேரில் அழைத்தும் சென்றார்கள். நான் இரண்டாம் முறை போனேன். கையுறை அணிந்த பெண்கள் நீண்ட மேசையில் போத்தலின் மூடியைக் கழற்றி ஒரு பக்கமும் போத்தலை இன்னொரு பக்கமும் எறிந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர்ப் போத்தல் ஒரு வகைப் பிளாஸ்டிக், மூடி வேறொரு வகை. ஒன்றாக உருக்கினால் இரண்டும் கெடும். போத்தல் பிளாஸ்டிக்கை நூலாக இழுக்கலாம் என்று அங்கே ஒருவர் விளக்கியபோது, கூட வந்த பொடியன் ஒருவனுக்கு நம்பிக்கை வரவில்லை. 2019 உலகக் கிண்ணத்தில் இலங்கை அணி அணிந்த மேற்சட்டையே கடலோரம் சேகரித்த பிளாஸ்டிக்கிலிருந்து செய்ததுதான் என்று சொன்னதும், வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மூடிகளைக் கழற்றத் தொடங்கினான். அந்த ஒரு பயணத்துக்குப் போன ஒன்பது வீடுகளும் மூன்று வார இடைவெளியில் பையைக் கவிழ்க்கவில்லை என்பதை நான் கவனித்தேன். கணக்காய்வு செய்யவில்லை, மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது பார்த்ததுதான்.

சேரலாமா? முகாமைக் குழுவில் கேட்பதற்கு ஆள் இருக்கும் தொடர்மாடி என்றால் சேரலாம். தனி வீடுகள் உள்ள ஒழுங்கைக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அங்கே நடையோடை இல்லை, மதில்தான் இருக்கிறது, பையைப் பார்க்க எவரும் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்னர், வராத வாரத்துக்குக் கட்டணம் கழிக்கப்படும் என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள். செயலியின் தமிழை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். புள்ளிகளை மறந்துவிடுங்கள்.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் தகரமும் செவ்வாய்க்கிழமைப் பைக்குள் போகின்றன. பத்திரிகைகளை மட்டும் மாமி பல்கணியில் கட்டி வைத்திருக்கிறார். போத்தல் பேப்பர்காரர் இப்போதும் மாதத்தில் ஒரு நாள் இந்த ஒழுங்கைக்கு வருகிறார், மாமியும் அவரும் விலை பேச அரை மணி நேரம் எடுப்பார்கள். அதனால் ஒவ்வொரு மாதமும் எங்கள் அறிக்கையில் ஒரு கட்டம் சிவப்பாக வருகிறது: 'கடதாசி: 0 கிலோ. நீங்கள் மேம்படலாம்.'